முகூர்த்த நேரத்தில் இறங்கிய கேம்

"மச்சான், ரூமை மாத்திட்டேன்டா!"

போன ஞாயிற்றுக்கிழமை குவைத்திலிருந்து மாமா போன் பண்ணிச் சொன்ன முதல் வார்த்தை இது. குரலில் அத்தனை சந்தோஷம். எனக்கோ போனை வைத்துவிட்டு எங்காவது ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது.

ஏன்? சொல்கிறேன். இந்த வாரம் தலையைக் குனிந்துகொண்டுதான் எழுதுகிறேன்... நீங்களும் அதிகம் நிமிர்ந்து பார்க்காமல் படித்துவிடுங்கள்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். நகரியில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தவர். சரக்கு தேங்கி, தறி பாதி நாள் நிற்க ஆரம்பித்ததும் டிரைவர் வேலைக்குக் குவைத் போனார். அப்போது அவர் பெண் யமுனாவுக்குப் பால்பல்கூட விழவில்லை. அதற்கப்புறம் அந்தப் பெண் வளர்ந்ததை முக்கால்வாசி அவர் போனில்தான் பார்த்தார்.

அந்த யமுனாவுக்குத்தான் போன மாதம் திருப்பதியில் கல்யாணம். ஊருக்கு வர மாமாவுக்கு லீவு இல்லை. கெஞ்சிக்கூடப் பார்த்தார், கிடைக்கவில்லை.

"வீடியோவ அப்புறம் பாத்துக்கலாம் மச்சான். தாலி ஏறுற அந்த நேரத்துல நான் பாத்துக்கினு இருக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும்" என்றார் என்னிடம்.

என்னிடம் எதற்கு? இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் 'பொட்டி' புராணம் தெரியும். சித்தூரில் என் வீட்டு அலமாரியில் ஒரு பழைய கம்ப்யூட்டரை சர்வர் ஆக்கி வைத்திருக்கிறேன். போட்டோ, பாட்டு, வீடியோ கால் எல்லாம் அதில்தான். கம்பெனிக்காரன் ஆப் எதற்கு, நம் சமாசாரம் நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். உங்கள் கழுத்தை மட்டும் எத்தனை வாரம் அறுத்திருப்பேன்!

"எல்லாரும் பேசுற ஆப்புலயே காட்டேன்டா. எதுக்கு வம்பு?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் நடுவுல கட்டாவும்க்கா. நம்ம பொட்டி கட்டாவாது" என்றேன். தெனாவட்டைப் பாருங்கள்!

கல்யாணம் வெள்ளிக்கிழமை. குவைத்தில் அன்றைக்கு வார லீவு. மாமா காலையிலேயே குளித்து, பட்டு வேட்டி கட்டி, ரூமில் போனுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கலந்த அரிசி — அவர் பங்குக்கு அட்சதை! என் போனில் அதைப் பார்த்த யமுனா, "அழுவாத நைனா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

படம் பளிச்சென்று போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் என் இன்னொரு போனில் மெசேஜ். என்னோடு கேம் விளையாடும் நண்பன். 'வந்துடுச்சுடா!'

பல மாதமாக நான் காத்துக்கொண்டிருந்த கேம். பெரிய சைஸ், இறங்கவே அரை நாள் பிடிக்கும். இப்போதே போட்டுவிட்டால் வீட்டுக்குப் போனதும் விளையாடலாமே? வீட்டில் எப்போதும் ஆனில் இருக்கும் என் கேமிங் பிசிக்கு, மண்டபத்தில் நின்றபடியே டவுன்லோட் கொடுத்தேன். போனில் ஒரே ஒரு தட்டு.

மண்டபத்துப் படம் முதலில் சித்தூருக்கு, என் பொட்டிக்குப் போகும். அங்கிருந்துதான் குவைத்துக்கு. வீட்டுக்கு இருப்பதோ ஒரே லைன். கேம் இறங்கினால் படம் திணறும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆசை வந்தால் எது ஞாபகம் இருக்கிறது, சொல்லுங்கள்?

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். என் போனில் மாமா அட்சதைக் கையைத் தூக்கினார்... அப்படியே நின்றுவிட்டார். அசையவே இல்லை.

டவுன்லோடை நிறுத்தலாம் என்றால், வீட்டு பிசியோடு பேசும் ஆப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கு போன் பண்ணலாம் என்றால், எல்லோரும் மண்டபத்தில், வீட்டுக்குப் பூட்டு. நடுவில் நின்று தவித்த என்னை போட்டோகிராபர் வேறு, "அன்னா, கொஞ்செம் பக்கக்கி ரண்டி!" என்று தெலுங்கில் சொல்லி ஓரமாகத் தள்ளினார்.

ஒருவழியாக ஆப் திறந்து, டவுன்லோடை நிறுத்தி, படம் திரும்பியபோது, மாப்பிள்ளை யமுனா காலில் மெட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு மச்சான்?" மாமாவின் குரல் உடைந்திருந்தது. "மாப்ள கையில தாலி அப்படியே நின்னுக்கினு இருந்துச்சு. நானும் எவ்ளோ நேரம்தான் பாக்கறது? மேளச் சத்தமும் நின்னுடுச்சு. நின்ன படத்து மேலயே அட்சதையப் போட்டுட்டேன்."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உங்க பக்கம் நெட்டு வீக் மாமா. அந்த ரூம்ல சிக்னல் சரியில்ல."

நாக்கு கூசவில்லை எனக்கு. கம்பெனிக்காரன் ஆப் நின்றுபோனால் திட்டுவதற்குக் கம்பெனிக்காரன் இருக்கிறான். சொந்த சர்வரில் பழியைப் போட ஆளே கிடையாது. அதனால் மாமா தலையில் கட்டினேன்.

மாமா நம்பினார். நம்பியதோடு விட்டாரா? "என் தப்புதாம்மா... நான் வெளிய போயி நின்னிருக்கணும்" என்று மணமேடையில் இருந்த பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். யமுனா தலையை ஆட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன் நான். வாயைத் திறக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டேன், அது வேறு!

இப்போது புரிகிறதா, ரூம் மாறிய செய்தி கேட்டு எனக்கு ஏன் அப்படி ஆனது என்று?

"பழைய ரூம்ல பலமனேர்காரரு ஒருத்தரு இருந்தாரே, ஞாபகம் இருக்கா?" என்றார் மாமா. "நான் வந்த நாள்லேர்ந்து ஒண்ணா ஆக்கித் துன்னவங்க நாங்க. அவர வுட்டுட்டு வரத்தான் மனசே வரல. என்னா பண்றது? நாளைக்கி யமுனாவுக்கு சீமந்தம் அது இதுன்னு வந்தா, அதையாவது நான் ஒழுங்கா பாக்கணும்ல?"

இதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கேம், டவுன்லோட், பொய் — எல்லாவற்றையும். நெட் அவர் பக்கம் நன்றாகத்தான் இருந்தது, அந்த ரூமில் ஒரு குறையும் இல்லை என்பதையும்.

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். இல்லை. புது ரூமில் நெட் அருமையாக இருந்தது; அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"அந்த கேமு..." என்றார் கடைசியில், மெதுவாக. "ஜெயிச்சியா மச்சான்?"

அன்றைக்கு நிறுத்தியதை அப்புறம் நான் தொடவே இல்லை, இன்னும் பாதிகூட இறங்கவில்லை என்பதை எந்த வாயால் சொல்வேன்?