பிரதிஷ்டை ஆகாத வீடு

தம்பி மாடியில் பாட்டுப் போட்டுக்கொண்டு சுவரைத் தேய்க்கிறான். மாடி என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பர்மியப் பெருநகரம் ஒன்றின் ஓரத்தில், தாகேதாவில், எங்கள் வீட்டின் தலைமேல் அப்பாவும் அவனும் சேர்ந்து ஏற்றிய ஓர் அறை. பலகைத் தரை, தகரக் கூரை. உப்புத்தாள் உரசும் சத்தத்தில் பல் கூசுகிறது. ஆனாலும் அது நிற்கக் கூடாது என்றுதான் இருக்கிறது எனக்கு. வருடம் தொடங்கிய விதத்தைப் பார்த்தால், இந்நேரம் இந்தச் சத்தமே இங்கே இருந்திருக்காது.

எங்கள் தமிழ்ச் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் குட்டிக் குட்டி அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். கைக்கு வருவதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் உனக்குத் தரும் வாக்கு. எனக்குச் சமாதானம் வந்தது. அம்மாவுக்கு வழக்கம்போல் ஆரோக்கியம். தம்பிக்குப் பர்மியம்தான் சரளம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அதனால் அவன் அட்டையை அம்மா வாங்கி உரக்க வாசித்தார். கைகளைப் போருக்குப் பழக்குகிற ஆண்டவரைத் துதிக்கும் வசனம்.

"பாருங்க, எம்புள்ளைக்கு இந்த வருஷம் தைரியம்!" என்றார் அம்மா.

பின்வரிசை அத்தை விடவில்லை. "அவன் கை முதல்ல கொசு அடிக்கப் பழகட்டும்."

வரிசையே சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்காமல் அட்டையைப் போனின் உறைக்குள் செருகிக்கொண்டான்.

ஏன் சிரிக்கவில்லை என்று மாசிமாத வெயிலில், முனையிலிருக்கும் டீக்கடையில்தான் தெரிந்தது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவனோடு ஒட்டித் திரிந்த கூட்டாளி ஒருவன் ராணுவ ஆட்சியை எதிர்த்துத் துப்பாக்கி பிடிக்க மலைப்பக்கம் போய்விட்டிருந்தான். நீயும் வா, நீயும் வா என்று அவ்வப்போது போன்.

"அக்கா, மாடி வேலை முடிஞ்சதும் நான் போறேன். ஆமேகிட்ட இப்பச் சொல்லாத."

அம்மாவை நாங்கள் பர்மியப் பிள்ளைகள் மாதிரி ஆமே என்றுதான் கூப்பிடுவோம். டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். "வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டியா?"

அவன் போனைத் திருப்பி உறைக்குள் இருந்த அட்டையைக் காட்டினான். "நான் குடுக்கல. இது குடுத்திருக்கு."

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். எனக்கோ மதங்களின் வரலாற்றை இணையத்தில் படிக்கும் கிறுக்கு. பகலில் நகரின் நடுவே லத்தாவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணினி முன்னால் வேலை, மற்ற நேரமெல்லாம் அதுதான். அப்படியானால் இவனை வாதத்தால் ஜெயித்துவிடலாம் என்று எனக்குத் துள்ளல்கூட வந்தது. அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பேன். அவன் மேலே ஆணி அடிப்பான். நான் பாடம் எடுப்பேன்.

"ஐரோப்பாவுல துணியில சிலுவையைத் தச்சுக்கிட்டு எருசலேமுக்குக் கிளம்பினாங்களே, அவங்களும் இது ஆண்டவரோட சித்தம்னுதான் கத்துனாங்க. போற வழியில, ரைன் ஆத்தோரத்து ஊர்கள்ல என்ன பண்ணாங்க தெரியுமா? அங்க குடியிருந்த யூதர்களைக் கொன்னாங்க. ஒரு சண்டையும் போடாத சனங்க."

"அவங்க கெட்டவங்க. ஆணி குடு."

"சரி, நல்லவரையே எடுத்துக்க. அதுக்கும் ரொம்ப முன்னால வட ஆப்பிரிக்காவுல ஒரு ஆயர். போர் பண்ணலாம், ஆனா சமாதானத்துக்காகப் பண்ணணும், வெறுப்பில்லாம பண்ணணும், துக்கத்தோட பண்ணணும்னு எழுதுனாரு. அதுக்கப்புறம் எல்லா ராஜாவும் எனக்கு ரொம்ப துக்கமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே படையெடுத்தாங்க."

அவன் சிரித்தான். ஆனால் அசையவில்லை. யூதர் வரலாற்றில் ஒரு காலத்தை நான் சொல்லப்போக, அதையே பிடித்துக்கொண்டான். ஓய்வுநாளில் ஆயுதம் தொட மாட்டோம் என்று குகைகளுக்குள் சும்மா இருந்தே செத்தவர்கள். அதைக் கேட்டபின், ஓய்வுநாளானாலும் எதிர்த்து நிற்கலாம் என்று முடிவெடுத்த மற்றவர்கள்.

"ரெண்டாவது ஆளுங்க பண்ணது தப்பா அக்கா?"

என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியாது. "தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றேன்.

"அப்புறம் என்ன?"

இப்படியே பங்குனியும் வந்தது. தகரம் ஒவ்வொன்றாக ஏறியது. வெல்டிங் வேலை பாக்கியிருந்ததால் கரண்டு போகும்போதெல்லாம் நான் மட்டும் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். தெருவே திட்டிக்கொண்டிருக்கும், எனக்கு ஒரு நாள் கூடுதல்.

கடைசியில் எனக்கு ஒரு சட்டம் அகப்பட்டது. வேதத்திலேயே இருக்கிறது, மோசேயின் சட்டங்களில். போருக்குப் போகுமுன் அதிகாரிகள் அணியின் முன்னால் நின்று கேட்க வேண்டும்: புது வீடு கட்டி இன்னும் பிரதிஷ்டை பண்ணாதவன் யார்? திராட்சை நட்டு இன்னும் பழம் தின்னாதவன் யார்? பெண்ணை நிச்சயம் செய்து இன்னும் கட்டாதவன் யார்? திரும்பிப் போகலாம். பயப்படுகிறவனும் போகலாம். வீட்டைக் கட்டியவன் செத்து வேறொருவன் வந்து பிரதிஷ்டை பண்ணும்படி ஆகிவிடக் கூடாதாம். எங்கள் தலைக்கு மேலேயே புது வீடு! பஸ்ஸில் நின்றபடி படித்தேன். ஓடைமேலிருக்கும் பசுண்டவுன் பாலம் கடந்து போனதே தெரியவில்லை.

ஓடி வந்து ஏணியடியில் மூச்சு வாங்கச் சொன்னேன். அவன் கூரையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அப்போ போதகர் ஐயா வந்து ஜெபம் பண்ணிட்டா நான் போகலாம்?"

"ஜெபத்தைத் தள்ளிப் போடச் சொல்றேன்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"டேய், யூத ரபிகள் இதைப் பத்தி எவ்வளவு பேசியிருக்காங்க தெரியுமா! ராஜா தன் இஷ்டத்துக்குப் போற போர்னா இப்படித் திரும்பலாம். ஆண்டவர் கட்டளையிட்ட போர்னா கல்யாண மாப்பிள்ளைகூட..." அங்கே நான் நிறுத்திக்கொண்டேன்.

"மாப்பிள்ளைகூட?"

"மாப்பிள்ளைகூட வந்தாகணும்."

"என்னோடது எது?" அவன் போனைத் தூக்கி ஆட்டினான். "அக்கா, நான் எடுத்தது ஒரு அட்டை. நீயும் அட்டைதான் எடுக்குற. நீ பிடிச்சது வர்ற வரைக்கும் எடுக்குற. அவ்வளவுதான் வித்தியாசம்."

உண்மைதான். சிலுவையைத் தைத்தவர்களும் துக்கப்பட்ட ராஜாக்களும் எப்படித் தேடினார்களோ அப்படித்தான் நானும் தேடியிருக்கிறேன். வேதத்தில் தேடினால் இரண்டுக்கும் வசனம் கிடைக்கும். அவன் மறுபடி சுத்தியலை எடுத்தான்.

வாதம் முடிந்துவிட்டது. வாய் மட்டும் முடியவில்லை. படித்ததில் மிச்சம் ஒன்று இருந்தது. அவனை மடக்க அல்ல, அழகாக இருந்ததால் சொன்னேன்.

"அந்த ரபிகள்ல ஒருத்தரு இன்னொண்ணு சொல்றாரு. ஏன் வீடு, திராட்சை, பொண்ணுன்னு இத்தனை காரணம்? பயந்தவனுக்காகத்தானாம். அவன் மட்டும் தனியா அணியை விட்டு வெளிய வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுமில்ல? வீடு கட்டினவன், தோட்டம் போட்டவன் எல்லாரும் வரும்போது அவனும் கூட நடந்து வந்துடலாம். இவன் எதுக்கு வீட்டுக்குப் போறான்னு யாருக்கும் தெரியாது. யாரும் கேக்கவும் கூடாது. அவன் வெக்கப்படக் கூடாதுன்னு ஆண்டவரே பாத்துப் பாத்து வச்ச மறைப்பாம் அது."

சுத்தியல் சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவன் தகரத்தின் மேல் குந்தியபடி ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் கேக்க மாட்டாங்களா?" என்றான்.

"கேக்கக் கூடாது."

"நீ?"

"நான் எதுக்குக் கேக்கப்போறேன்? ஆணி வேணுமா?"

மறுநாள் அவன் கூட்டாளியோடு போனில் பேசுவது என் காதில் விழுந்தது. பர்மியத்தில்தான் பேசினான். வீடு இன்னும் முடியல, அப்பாவால தனியா முடியாது, பிரதிஷ்டை ஆகல. அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, உனக்காக ஜெபிக்கிறேன் என்றான் தம்பி. வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். குளியலறையிலிருந்து பாட்டு வந்தது. மாதக்கணக்கில் வராத பாட்டு. நான் அடுப்படிக்குப் போய், ஆமே கேட்காமலே எல்லா வெங்காயத்தையும் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வர ஒரு காரணம் வேண்டியிருந்தது.

மழைக்கு முன்னால் பிரதிஷ்டை நடந்தது. போதகர் ஐயா ஜெபிக்க, ரிப்பனை வெட்டியவன் தம்பி. சபைக்காரர்கள் பலகை அதிர ஏறி வந்து, மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். பின்வரிசை அத்தை புதுக் கூரையை அண்ணாந்து பார்த்து, "பரவால்லையே, கை ஆணி அடிக்கவாவது பழகிருச்சே" என்றார். இந்தத் தடவை தம்பிதான் முதலில் சிரித்தான்.

வெளியே எதுவும் தீர்ந்துவிடவில்லை. கூட்டாளி இன்னும் மலையில்தான் இருக்கிறான். வீட்டு ஜெபத்தில் தம்பி தினமும் அவனைச் சொல்கிறான். போன வாரம் மறுபடி போன் வந்தது. நான் படியில் நின்றுவிட்டேன்.

"இல்லடா," என்றான் தம்பி. "பின்சுவரைத் தேச்சு இன்னும் பெயிண்ட் அடிக்கல."

அதைத்தான் இப்போது தேய்த்துக்கொண்டிருக்கிறான். மிக மெதுவாக. நான் பெயிண்ட் வாங்கி வருகிறேன் என்று சொன்னேன், அவசரமில்லை என்றான். நானும் சரி என்றுவிட்டேன்.