பயிற்சிப் படத்து மாப்பிள்ளை

என் தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று எனக்குச் சொன்னவர், அவனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர்தான்.

போனில் நிதானமாகத்தான் பேசினார். "ஏம்மா, பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சாமே? எங்க மச்சான் பென்னாகரத்துல பஸ்ஸுல போறப்ப பாத்திருக்கறாரு. கல்யாண பிளெக்ஸ்ல பொண்ணு மாப்பிள்ளையா நிக்கறாங்களாம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "போட்டோ புடிச்சும் அனுப்பியிருக்கறாரு, பாருங்க" என்று போனை வைத்துவிட்டார். அடுத்த நிமிடம் படம் வந்தது. பட்டு வேட்டி, மாலை, நெற்றியில் சந்தனம், பக்கத்தில் நகை பூட்டிய ஒரு பெண். மாப்பிள்ளை என் தம்பியேதான். ஒரு கணம், எங்களுக்குத் தெரியாமல் இவன் கட்டிக்கொண்டானோ என்றுகூடத் தோன்றியது. தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறேன் என்று போனவன் வேறெங்காவது போனானோ?

தம்பி பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தில் தக்காளியும் ராகியும் போடுகிறான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. காடு கழனி பார்க்கிற பையனுக்குப் பெண் தேடுவது எப்படி என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அழுதுகொண்டே சொல்வார்கள். ஜாதகத்துக்கு முன்னால், "பையன் ஓசூருங்களா, பெங்களூருங்களா?" என்றுதான் கேட்பார்கள். தக்காளி என்றால் பேச்சு முடிந்தது. அப்பா இல்லாததால் இந்த அவமானமெல்லாம் அக்காவான என் பங்குக்கு வந்து சேர்ந்தது. கடைசியில் பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், "மண்ண நம்பி இருக்கற பையன்னா நல்லதுதானுங்க" என்றது. ஜாதகம் பொருந்தியது. பெண்ணும் போட்டோ பார்த்துச் சரி என்றாளாம். அம்மா குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டாள். தம்பி மட்டும், "இதுவும் தட்டிப் போச்சுன்னா இனிமே யாரும் என் ஜாதகத்தத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம்" என்றான். அவன் அப்படி அதிகம் பேசுகிறவன் இல்லை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரிய, என் பிழைப்பைச் சொல்லியாக வேண்டும். கணவர் கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, போட்டோவைத் திருத்துவது எப்படி என்று வீடியோ போடுகிறேன். ஒன்றுமே தெரியாதவர்களுக்கு. ஒரு படத்தின் மேல் இன்னொரு அடுக்கை வைப்பதை நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்: "போட்டோ மேல ஒரு கண்ணாடித் தாள வெச்சு, அந்தத் தாள்ல பொட்டு வைக்கறீங்க. புடிக்கலயா, தாள எடுத்துருங்க. அடியில மொகம் மொகமாத்தான் இருக்கும்." குக்கர் விசில் வீடியோவில் கேட்கிறது என்று திட்டி எழுதுகிறவர்களும் உண்டு. திட்டிக்கொண்டே பார்க்கிறார்கள், போகட்டும்.

பார்க்கிறவர்கள் இறக்கிவைத்துப் பழகுவதற்கு ஒரு படம் வேண்டும். ஊரான் வீட்டுப் படத்தை எடுத்துப் போட முடியாது. மோட்டார் ரூமுக்கு வெள்ளையடித்த அன்று சுவர் முன்னால் தம்பியை நிறுத்தி எடுத்த படம் ஒன்று இருந்தது. பின்னால் வெறும் வெள்ளை. ஆளை வெட்டி எடுக்கப் புதிதாகக் கற்பவர்களுக்கு அதைவிடச் சுலபமான படம் கிடையாது. போதாததற்கு அவனுடைய இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு தழும்பு. சின்ன வயதில் கிணற்று மேட்டில் விழுந்தது. தழும்பை எடுப்பது எப்படி என்ற பாடத்துக்கு அது வாகாக அமைந்தது. "போட்டுக்கோக்கா, என் மூஞ்சிக்கு இப்படியாவது ஒரு வேல" என்றான்.

கற்றவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். ஒகேனக்கல் பரிசலில் தம்பி. பனிமலையில் செருப்பு இல்லாமல் தம்பி. புலிக்குப் பக்கத்தில், புலியைவிடப் பெரிதாகத் தம்பி. யாரும் அவனுக்கு ஒரு பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன் வந்த அன்றே பஸ் ஏறினேன். பென்னாகரத்தில் ஒரு பிளெக்ஸ் கடையின் வாசலில், மாடல் காட்டுவதற்காக அதைக் கட்டியிருந்தார்கள். பெயர் வர வேண்டிய இடங்களில் வெறும் பூக்கொடி. ஓடுகிற பஸ்ஸிலிருந்து யார் பூக்கொடியைப் பார்க்கப் போகிறார்கள்? கடைக்காரர் என் குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டார். "மேடம்! உங்க வீடியோ பாத்துதானுங்க தொழிலே கத்துக்கிட்டேன். மாப்பிள்ள எப்பிடி, சுத்தமா வெட்டியிருக்கறனுங்களா?"

கோபத்தோடு போனவள் நான். ஆனால் பாருங்கள், முடியோரம் உண்மையிலேயே சுத்தமாக வெட்டியிருந்தார். தழும்பை நான் சொன்ன மாதிரியே எடுத்திருந்தார். நிறத்தையும் ரெண்டு படி ஏற்றியிருந்தார். திட்டுவதா, தட்டிக் கொடுப்பதா என்று தெரியாமல், "முடியெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் பதறிப்போய் அவரே ஏணி போட்டு அவிழ்த்துச் சுருட்டிக் கொடுத்தார். பெண் யார் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பழைய கம்ப்யூட்டர் வாங்கியபோது அதிலேயே இருந்த படமாம்.

மறுநாள் சுருட்டிய பிளெக்ஸ், லேப்டாப் எல்லாம் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனேன். தம்பியும் வருவதாகத்தான் இருந்தது. தக்காளி வண்டியைப் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு வருகிறேன் என்றான். அம்மா மட்டும், "வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டியேடி" என்று வழியனுப்பிவைத்தாள்.

அவர்கள் வாசலில் பிளெக்ஸை விரித்தேன். பெண்ணின் அப்பா, அம்மா, பஸ்ஸில் பார்த்த மச்சான் மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். பெண் கதவோரம் நின்று, படத்திலிருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூலப் படத்தைத் திறந்து, தம்பியை வெட்டி, ஒரு மாலையைப் போட்டு, சந்தனம் வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே மாப்பிள்ளை ஆக்கிக் காட்டினேன். பொய்யை எப்படிச் செய்தார்கள் என்று செய்து காட்டிவிட்டால் உண்மை தானாக விளங்கிவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு படித்திருக்கிறேன் பாருங்கள்.

"ரொம்பச் சுலுவா இருக்குதுங்களே" என்றார் பெண்ணின் அப்பா.

"ஆமாங்க மாமா, யாரு வேணா செய்யலாம்."

"அப்ப நீங்க எங்களுக்கு அனுப்புன போட்டோ?"

"அது நெஜமுங்க! தழும்பு இருக்குது பாருங்க, சின்ன வயசுல கெணத்து மேட்டுல உழுந்தது. பிளெக்ஸ்ல இல்ல. அத எடுத்துட்டாங்க."

அவர் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தழும்ப எடுக்க முடியும்னா, வெக்கவும் முடியுமுங்களே. கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்னு சொல்லுவாங்க. விசாரிக்கப் போனா மறுபடியும் போட்டோவையே காட்டறீங்க. எத நம்பறதும்மா?"

எனக்குள்ளும் ஒரு குழப்பம் புகுந்துகொண்டது. ஜாதகத்தோடு அனுப்பிய அந்தப் போட்டோவை நான் தொட்டேனா, இல்லையா? தொடவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எந்தப் படத்தைத் திறந்தாலும் என் கை வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டும், நிழலைக் கொஞ்சம் குறைக்கும். காய்கறி வாங்கும்போது கை தானாகக் கொசுறுக்கு நீளுகிற மாதிரி. எதிரே நின்று சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் தம்பியின் முகம் எது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவன் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

அப்போதுதான் தம்பியின் வண்டி வந்து நின்றது. மார்க்கெட்டுக்குப் பெட்டி ஏற்றிவிட்ட அதே சட்டை. தோளில் தக்காளிச் சாறு காய்ந்திருந்தது. முதல் தடவையாகப் பெண் வீட்டு வாசலில் நிற்கிறவன் இப்படியா வருவான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளெக்ஸைப் பார்த்தான். பட்டு வேட்டியில் இருந்த தன்னையே பார்த்தான். "வேட்டி நல்லாருக்குது" என்றான்.

பெண்ணின் அப்பா பிளெக்ஸைத் தாண்டிக்கொண்டு கிட்டே வந்தார். "இப்பிடி வெளிச்சத்துக்கு வாங்க" என்று அவன் தோளைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார். கட்டைவிரலை நாக்கில் நனைத்துக்கொண்டு அவனுடைய இடது புருவத்தின் மேல் வைத்துத் தேய்த்தார். அழுத்தித் தேய்த்தார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு, தடுப்பூசிக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றான். அவமானமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது, எது முதலில் வெளியே வரும் என்று பயமாகவும் இருந்தது.

அவர் விரலைப் பார்த்தார். பிறகு புருவத்தைப் பார்த்தார்.

"இருக்குதுங்க" என்றார் மச்சானிடம். "கெணத்து மேட்டுல உழுந்ததுங்களா?"

"ஆமாங்க" என்றான் தம்பி.

"எனக்கும் முழங்கால்ல ஒண்ணு இருக்குது. உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்."

அவ்வளவுதான். நான் கொண்டுபோன லேப்டாப்பை யாரும் மறுபடி திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே எந்த மாதம் முகூர்த்தம் இருக்கிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு நிம்மதி வந்ததா என்றால், வந்தது. ஆனால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வாசலிலேயே நின்று பிளெக்ஸைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

பெண் கதவோரத்திலிருந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகச் சுருட்டினோம். தம்பி உள்ளே போய்விட்டான், படத்திலும். படத்துப் பெண்ணின் முகம் வந்தபோது அவள் கை நின்றது.

"இவங்க யாருங்க அண்ணி?"

அண்ணி என்று கூப்பிட்டுவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தெரியலம்மா. யாரோ."

அவள் அந்த முகத்தில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள்.

"இவங்களுக்கும் எங்கயாச்சும் மாப்பிள்ள பாத்துக்கிட்டிருப்பாங்க, இல்லீங்களா? அங்க போயி யாருங்க அண்ணி சொல்றது?"