இரண்டாவது வெட்டு வேண்டாம் என்றேன்

ஊரடங்கின்போது பெங்களூரிலிருந்து அரியலூருக்கு வந்த மாமா, லேப்டாப்போடு ஒரு பை நிறையப் பகடைகளும் கொண்டுவந்திருந்தார். இருபது முகமுள்ள பகடையை அன்றுதான் முதலில் பார்த்தேன். மாமா கதை சொல்வார். அதற்குள் ஆளுக்கொரு வேடத்தில் இருக்கும் நாங்கள், என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். அண்ணனும் நானும் வாள்வீரர்கள். ஐந்து வயதுத் தங்கை, பேசும் அணிலாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்து அப்படியே ஆனாள்.

கதையில் வந்த, அடியில் நாகம் உறங்கும் சுண்ணாம்புச் சுரங்கத்தில் அணில் அடிபட்டு விழுந்தது. எங்கள் இருவருக்கும் வெட்டத்தான் தெரியும். மாமா கதையை எப்படியோ திருப்பி அதைப் பிழைக்க வைத்தாலும், தங்கை அழுதுகொண்டேதான் தூங்கினாள்.

மறுநாள் எங்களுக்கு அடுத்த நிலை கிடைத்தது. வாள்வித்தையிலேயே தொடர்ந்தால் ஒரே முறையில் இரண்டு வெட்டு வெட்டலாம். அதை விட்டுவிட்டு வேறொரு வித்தையை முதல் படியிலிருந்து தொடங்கவும் செய்யலாம். அண்ணன் யோசிக்கவே இல்லை. நான் சோற்றைப் பிசைந்தபடி அதே நினைப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா மாமாவைத் திட்டினார்.

கடைசியில், வைத்தியம் கற்கிறேன் என்றேன்.

“ரெண்டுலயும் அரைகொறையா நிக்கப்போற. நாகம் வந்தா எம் பின்னாடி வந்து ஒளிஞ்சுக்க” என்றான் அண்ணன்.

சுரங்கத்தின் அடியிலிருந்து நாகம் எழுந்தது. அண்ணன் இரண்டிரண்டாக வெட்டினான். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. பிறகு அது வாலைச் சுழற்றியதில் அவனுடைய வீரன் மூச்சில்லாமல் கிடந்தான். அண்ணன் பகடையைக் கீழே வைத்துவிட்டான்.

என் முறை. நாகத்தை விட்டுவிட்டு அவனிடம் ஓடினேன் என்று சொல்லி வைத்திய மந்திரத்தைப் போட்டேன். வீரன் எழுந்தான். எழுந்து வெட்டிய இரண்டு வெட்டும் தவறின. திரும்ப என் கைக்குப் பகடை வந்தது. தங்கை அதை வாங்கி ஊதிக் கொடுத்தாள். நாகத்தை வெட்டுகிறேன் என்று சொல்லி உருட்டினேன்.

இருபது.

நாகம் செத்தது என்று மாமா எழுந்து நின்று கைதட்டினார். நான் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி முழுக்க ஓடினேன். என்ன மேட்ச் ஜெயித்தோம் என்று கேட்டுக்கொண்டே அம்மா மேலே வந்துவிட்டார்.

மறுநாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு அண்ணன் வந்து நின்றான்.

“அந்த வைத்தியத்த எப்படிக் கத்துக்கறது? எனக்குஞ் சொல்லேன்.”

வாய் நிறைய நுரையோடு ஒவ்வொரு விதியாக விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மாமாவின் விதிப்புத்தகத்தை வந்த வாரமே கரைத்துக் குடித்தவன் அவன். அவன் சொல்ல வந்தது வேறு என்பது எனக்கு அப்போது புரியவில்லை.