லிப்பாரித் தீவில் பொங்கல்

மெல்பேர்ணில் பொங்கலன்று விடிந்ததும் கைபேசியை எடுத்து, இன்று வெளியில் நெருப்பு மூட்டலாமா என்றுதான் முதலில் பார்ப்பேன். தை மாதம் அங்கே கொளுத்தும் கோடை. காட்டுத்தீப் பயத்தில் தடை போட்டுவிட்டால் முற்றத்தில் ஒரு சுள்ளியைக்கூடப் பற்றவைக்க முடியாது. ஆகவே டார்னெய்டில் எங்கள் வீட்டுச் சூரியப் பொங்கல் பெரும்பாலும் குசினிக்குள், காஸ் அடுப்பில், புகை அலாரம் அலறிவிடுமோ என்ற பயத்தோடு பொங்கும். அந்த நேரம் பார்த்து என் தங்கச்சி வதனி இத்தாலியிலிருந்து போன வருடத்துப் படத்தை மறுபடி அனுப்பி வாழ்த்துவாள். மூன்று கல், விறகு, பானை, பின்னால் கடல், பக்கத்தில் அம்மா. எனக்கு வயிறு எரியும்.

இந்த வருடம் நேரிலேயே போய் எரியலாம் என்று புறப்பட்டேன். உண்மையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். அப்பா போன பிறகு, கொஞ்ச நாள் தன்னோடு இருக்கட்டும் என்று அம்மாவை வதனி கூப்பிட்டாள். அந்தக் கொஞ்ச நாள் வருடக்கணக்காகிவிட்டது. மூத்தவள் நான், படித்தவள் நான், பெரிய வீடு என்னுடையது. கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஒரு அறையை அம்மாவுக்கென்றே கட்டினேன். இப்போது அதில் என் கணவரின் உடற்பயிற்சி சைக்கிள் நிற்கிறது.

வதனியும் கணவரும் இருப்பது சிசிலிக்கு வடக்கே லிப்பாரி என்ற சின்னத் தீவில். கோடையில் அங்கே ஒரு ஹோட்டலில் வேலை. குளிர் தொடங்கியதும் முதலாளி பூட்டிவிட்டுப் போய்விட, அந்த ஹோட்டலுக்கு இவர்கள்தான் காவல். மிலாஸோத் துறைமுகத்தில் ஏறிய கப்பல் லொறிகளை விழுங்கும் அளவுக்குப் பெரியது. ஏறியதோ விரல்விட்டு எண்ணக்கூடிய சனம். கோப்பி விற்றவர் என் பெட்டியைப் பார்த்து, "லிப்பாரி? கியூஸோ, கியூஸோ" என்று கையால் பூட்டுவதுபோல் காட்டினார். எல்லாம் பூட்டிக் கிடக்கிறதாம். "பமீலியா" என்றேன், குடும்பத்தைப் பார்க்கப் போகிறேன் என்று பெருமையாக. என் முகத்தைப் பார்த்து இழவு வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. நெஞ்சில் கைவைத்துத் தலையைக் குனிந்தார்.

இறங்குதுறையில் அம்மா நின்றார். சேலைக்கு மேல் தடித்த ஜாக்கெட், தலையில் கம்பளித் தொப்பி. என்னைத் தேடி நிற்பார் என்று பார்த்தால், மீன்காரனோடு இத்தாலி மொழியில் விலை பேசிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறு பிள்ளை" என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் பேரத்தை முடித்தார். அந்த மீன்காரன் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

ஒருமுறை அம்மா மெல்பேர்ணுக்கும் வந்தவர்தான். மல்கிரேவில் வேலை முடிந்து, நகரத்தைத் தாண்டி நான் வீடு வந்து சேர இருட்டிவிடும். முன் யன்னலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அம்மா உட்கார்ந்திருப்பார். "இண்டைக்கு ஆரும் வந்தவையோ?" என்று கேட்டால், "தபால்காரன் போனவன்" என்பார். களைப்பில் நான் சிரித்துவிட்டுப் படுக்கப் போய்விடுவேன்.

பொங்கலன்று ஹோட்டலின் வெறும் நீச்சல்குளத்துக்கு அருகே வதனி கோலம் போட்டாள். அம்மா மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார். எதிர்வீட்டு ரோஸாலியா, அம்மாவின் வயதுப் பெண், காய்ந்த திராட்சைக்கொடிகளைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டார். பால் பொங்கி வழிந்தது. எங்கள் வழக்கப்படி வீட்டின் மூத்தவர் அரிசியை இரு கையாலும் அள்ளி, பானையை மூன்றுமுறை சுற்றி உள்ளே போடுவார். பிறகு வீட்டார் ஒவ்வொருவராகப் போடுவார்கள். அம்மா போட்டார். வதனி போட்டாள், அவள் கணவர் போட்டார். "ரோஸாலியா, வியேனி" என்று அம்மா கூப்பிட, அவரும் வந்து பிசகாமல் மூன்றுமுறை சுற்றிப் போட்டார். நான் சட்டைக்கையை மடித்துக்கொண்டு எழும்பினேன்.

"நீ இரு பிள்ளை. களைச்சுப்போய் வந்தனி" என்றார் அம்மா.

வதனி ஹோட்டல் கதிரை ஒன்றைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினாள். படைத்து முடிந்ததும் முதல் கிண்ணம் எனக்கு வந்தது. முதல் கிண்ணம் யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? டார்னெய்டில் விருந்தாளி வந்தால் நானும் அப்படித்தான் கொடுப்பேன். 

பானை கழுவும்போது கேட்டுவிட்டேன். "அம்மா, என்னோட வாங்கோவன். அறை சும்மா கிடக்கு."

"வாறதுக்கென்ன. பக்கத்து வீட்டில இப்ப ஆர் இருக்கினம்?"

யோசித்தேன். வாசலில் ஒரு வெள்ளை வாகனம் நிற்கும். குப்பைத்தொட்டியை யாரோ ஒழுங்காக வெளியில் வைப்பார்கள்.

"நல்ல சனம் அம்மா."

"பேர் என்ன?"

நான் பானையின் அடியைச் சுரண்டினேன். அம்மா தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னார். "அவ்வளவு பெரிய வீட்டில நான் ஆரோட பிள்ளை கதைக்கிறது? நீ லீவு போட்டுட்டு வந்து நில்லன். இஞ்ச முழு ஹோட்டலும் சும்மாதான் கிடக்கு."

வதனி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

புறப்படும் நாளில் நான்கு பேரும் துறைக்கு வந்தார்கள். அம்மா என் கன்னத்தைத் தடவி, கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டார். கப்பலின் பின்தட்டில் நின்று கையாட்டினேன். கப்பல் கரையைவிட்டு விலகியதும் ரோஸாலியா என்னவோ சொன்னார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் கண்டு கனகாலம். இருவரும் கைகோத்தபடி ஊருக்குள் திரும்பி நடந்தார்கள், பின்னால் வதனியின் கணவரும். இவ்வளவு காலமும் தங்கச்சியை நினைத்து எரிந்த வயிறு அப்போது அம்மாவைப் பார்த்து எரிந்தது. திரும்பிப் பார்ப்பார் என்று கையை இறக்காமல் நின்றேன். கரையில் வதனி மட்டும், கப்பல் திரும்பி மறையும் வரைக்கும், பதிலுக்குக் கையாட்டிக்கொண்டு நின்றாள்.