ஷோஹிஸ்தாவின் விலைக்கு மேலே ஒன்று

ஷோஹிஸ்தா தன் காபிக் கடையை அறுபதாயிரம் டாலருக்கு விற்றாள் என்ற செய்தி கோக்கந்து ஊரைச் சுற்றி வந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். மஸ்தூராவுக்கு மட்டும் அது ஒவ்வொரு நாள் காலையிலும் அப்போதுதான் காதில் விழுந்தது மாதிரி இருந்தது.

மஸ்தூராவும் தன் கடையை விற்கத்தான் நினைத்திருந்தாள். பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே சொந்த மனை, பன்னிரண்டு மேசை, இரண்டு தந்தூர் அடுப்பு. பஞ்சாலை மூடிய வருடம் கையிலிருந்த வளையலை விற்று முதல் அடுப்பை வைத்தாள். இருபத்துநாலு வருடம் அதன் முன்னால் குனிந்து குனிந்து இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஐம்பத்துநாலு வயதில் படியேறும்போது கைப்பிடியைத் தேடினாள். "வித்துட்டு வீட்ல உட்காரு. நானும் ஒருநாளாவது சூடா சாப்பிடறேன்," என்று புருஷன் ஹைதராலி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளுக்கும் சம்மதம்தான். ஒரே ஒரு நிபந்தனை, அதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. அறுபத்தொன்று வர வேண்டும். எழுபதெல்லாம் வேண்டாம். மேலே அந்த ஒன்று போதும்.

ஷோஹிஸ்தா அவள் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. பதினெட்டு வருடம் முன்பு அந்த வீட்டுக்கு வந்தாள். அதுவரை விடியுமுன் எழுந்து முற்றம் பெருக்கும் மருமகள் மஸ்தூரா ஒருத்திதான். பன்னிரண்டு வருடம் பெருக்கினாள், மாமியார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஷோஹிஸ்தா வந்த மறுநாளே தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கினாள். தூசி ஒரு பொட்டு எழவில்லை. மாமியார் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு அந்த முற்றத்தைக் காட்டினாள். இவ்வளவுதான் விஷயம். ஆனால் தண்ணீர் தெளிக்க நமக்கு ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி மஸ்தூராவின் வயிற்றில் அன்று போய் உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

கடையை விற்ற பிறகு ஷோஹிஸ்தா வெள்ளைக் கார் வாங்கினாள். அதோடு விட்டாளா? கைபேசியில் பேசிப் படம் போட ஆரம்பித்துவிட்டாள். உணவகம் வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் யோசனை! தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, காருக்குள் உட்கார்ந்து சொல்வாள். களைத்துப்போனபின் விற்காதீர்கள், கடை நிறைந்திருக்கும்போது விற்றுவிடுங்கள். இந்தக் காலத்தில் வெறும் சுவரை யாரும் வாங்குவதில்லை, பெயரையும் ஆளையும் சேர்த்து விற்பவனுக்குத்தான் விலை. வாங்குகிறவரா, உரிமையாளர் சொல்லும் கணக்கை நம்பாதீர்கள், கரண்டு பில்லைக் கேளுங்கள். எந்தச் சமையல் உரிமையாளர் கையோடு போய்விடுமோ அந்தக் கடையைத் தொடாதீர்கள்.

மஸ்தூரா இதையெல்லாம் சரக்கறையில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தாள். நாற்பது படம் வந்திருந்தது. நாற்பதையும் பார்த்தாள். சிலதை இரண்டு தடவை. "பெரிய இவ," என்று சொல்லிக்கொண்டே மறுநாள் கரண்டு பில்களைத் தேடி எடுத்து ஒழுங்காக அடுக்கி வைத்தாள்.

வசந்தத்தில் ஆள் வந்தார். தோஹிர்ஜோன் என்று பெயர், அந்திஜானில் மூன்று கடை வைத்திருப்பவர். பருத்த உடம்பு, மெதுவான பேச்சு. காகிதங்களைப் பார்த்தார். தந்தூருக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தார். "மதியத்துல கூட்டம் எப்படி இருக்கும், அம்மா?" என்றார்.

"உட்கார இடம் இருக்காது," என்று மஸ்தூராவின் வாய் முந்திக்கொண்டது.

"அப்படியா? வியாழக்கிழமை மதியம் வர்றேன்."

இதுதான் வினை. மஸ்தூரா கடையின் வியாபாரம் எல்லாம் விடியற்காலையில். ஐந்து மணிக்கு லாரிக்காரர்களும் வேன் ஓட்டுநர்களும் வந்து, நின்றபடியே, தந்தூர்ச் சுவரில் ஒட்டிச் சுட்ட கறிச் சோம்சாவைச் சுடச்சுடத் தின்று, கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போவார்கள். எட்டு மணிக்கு முதல் ஈடு மாவு காலி. பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே போனபின் மதியத்தில் நாலு மேசைதான் நிறையும். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஷோஹிஸ்தாவின் கடையில் மதியத்தில் உதட்டுச்சாயம் பூசிய பெண்கள் உட்கார்ந்து கேக்கைக் கரண்டியால் தின்றார்கள். கிரீஸ் கைக் கடைக்கு அறுபத்தொன்று யார் கொடுப்பார்கள்?

அந்த மாதம் பெண்கள் கூட்டத்தை நடத்துவது மஸ்தூராவின் முறை. பன்னிரண்டு பேர், மாதம் ஒருத்தி வீட்டில் கூடித் தின்று பேசுவது பல வருட வழக்கம். வீட்டில் வேண்டாம், வியாழக்கிழமை கடைக்கு வந்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னாள். "எப்பவும் வர்ற கஸ்டமர் மாதிரி வாங்க. வந்து ஆளுக்கொரு மேசையா உட்காருங்க. காசெல்லாம் கேக்க மாட்டேன்." கூட்டத்தில் ஷோஹிஸ்தாவும் இருந்தாள். அவளை விட்டால் ஊர் பேசும், விட முடியாது.

வியாழக்கிழமை வந்தது. தோஹிர்ஜோன் மூலை மேசையில் பச்சைத் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவள் போதியா. குரல் பெரிது, உடம்பு அதைவிடப் பெரிது. பட்டுச் சட்டை போட்டு, கையில் ஒரு மூட்டையோடு வந்தாள். பூப்போட்ட துணியில் இரண்டு வட்ட ரொட்டியும் ஒரு பை மிட்டாயும். கோக்கந்தில் எந்தப் பெண்ணும் விருந்துக்கு வெறுங்கையோடு போக மாட்டாள். அடுத்தவளும் மூட்டையோடு வந்தாள். அதற்கடுத்தவளும். உணவகத்துக்கு ரொட்டி கொண்டுவரும் கஸ்டமர்கள்! மஸ்தூராவுக்கு உறைக்கவில்லை. ஒவ்வொருத்தியையும் வாசலில் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, புருஷன் நலமா, பிள்ளைகள் நலமா, மாடு நலமா என்று கேட்டு மூட்டையை இரு கையாலும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். அவளும் கோக்கந்துக்காரிதானே.

கடைசியாக ஷோஹிஸ்தா வந்தாள். கையில் ஒரு சின்னப் பை மட்டும். யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. "இங்க இடமிருக்கா? யாராவது வராங்களா?" என்று வழிப்போக்கர் மாதிரி கேட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வந்த பதினோரு பேரில் சொன்னதைப் புரிந்துகொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான். மஸ்தூராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கு மட்டும் எப்படி எல்லாம் தெரிகிறது?

சாப்பிட்டார்கள். மேசைக்கு மேசை கத்திப் பேசிக்கொண்டார்கள். "ஏய் மஸ்தூரா, உன் முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பு தடவினியா?" என்று போதியா கேட்டது வீதிவரை போயிருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்தபோது மஸ்தூரா பழக்க தோஷத்தில் இன்னொன்றும் செய்தாள். கொண்டுவந்த துணியை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. ஒவ்வொரு துணியிலும் நாலு சோம்சா வைத்துக் கட்டிக் கையில் கொடுத்தாள். தோஹிர்ஜோன் தேநீர்க் கிண்ணத்தை வாயருகே பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷோஹிஸ்தா நேரே கல்லாவுக்குப் போனாள். "பில் எவ்வளவு ஆச்சு?" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். கல்லாவில் பஷோரத் இருந்தாள். இருபது வருடமாகத் தந்தூரில் சோம்சா ஒட்டுபவள், பொய் என்றால் என்னவென்று தெரியாதவள்.

"பில்லா? உங்க யார்கிட்டயும் காசு வாங்கக்கூடாதுன்னு மஸ்தூராக்கா காலையிலேயே சொல்லிட்டாங்களே."

போதியாவே வாயை மூடிக்கொண்டாள்.

தோஹிர்ஜோனின் தோள் குலுங்கியது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். "அப்ப என் தேநீருக்கும் காசு கிடையாதுதானே, அம்மா?"

மஸ்தூராவுக்கு முகம் தந்தூர் மாதிரி கொதித்தது. ஷோஹிஸ்தா முன்னாலா இது நடக்க வேண்டும்? அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தாள்.

"ஆறு நாளா விடியக்காலையில எதிர்த்த டயர் கடையில உட்கார்ந்திருக்கேன்," என்றார் தாழ்ந்த குரலில். "பின்பக்கம் நீங்க போடற காலி மாவுச் சாக்கை எண்ணிட்டேன். சாம்பல் குவியலையும் பார்த்துட்டேன். மதியம் எனக்கெதுக்கு? நான் வாங்க வந்தது உங்க விடியக்காலையை. அந்த லாரிக்காரன் பத்து வருஷத்துக்குப் பிறகும் வருவான். கேக் சாப்பிடற கூட்டம் இன்னொரு கடை திறந்தா போயிடும்."

இருபத்துநாலு வருடத்தில் அந்தக் கிரீஸ் கைகளைப் பற்றி ஒருவர் இப்படிப் பேசி மஸ்தூரா கேட்டதில்லை.

"பெயர் அப்படியே இருக்கும். பஷோரத் அக்கா இருக்கணும். நீங்க ரெண்டு வருஷத்துக்கு இந்த ஊர்ல வேற தந்தூர் வைக்கக் கூடாது." கைபேசியில் ஓர் எண்ணைத் தட்டி அவள் பக்கம் திருப்பினார். "இதுக்கு மேல என்னால முடியாது."

ஐம்பத்துநாலாயிரம்.

வாசலில் நின்ற பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். தோஹிர்ஜோன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து ஏந்தினார். எதிரே இருப்பவரும் ஏந்தி, ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவன் ஒரு லட்சம் கொண்டுவந்தாலும் பேச்சு மாறக்கூடாது. மஸ்தூராவின் கைகள் மடியிலேயே கிடந்தன.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

அவர் கையை இறக்கினார். கோபப்படவில்லை. "இந்தத் தேநீர்க் குடுவை தீர்ற வரைக்கும் இருக்கேன். நாளைக்கு மார்கிலான்ல ஒரு கடை பார்க்கப் போறேன்."

அவள் சமையலறைக்குள் போய் மாவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே ஷோஹிஸ்தா வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உங்களுக்குப் பைத்தியமா? கல்லாகிட்ட நின்னு போன்ல அந்த எண்ணை நானும் பார்த்தேன். அம்பத்திநாலு! கையை ஏந்தாம எந்திரிச்சு வர்றீங்க?"

"உனக்கென்னடி. அறுபது வாங்கினவ பேசுவ."

ஷோஹிஸ்தா பலகையில் சிந்திக் கிடந்த மாவை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினாள். அதையும் தூசி எழாமல்தான் கூட்டினாள்.

"நாப்பத்திமூணு," என்றாள்.

"என்ன நாப்பத்திமூணு?"

"நான் வாங்கினது."

அடுப்பில் எதுவோ கொதித்து வழிந்தது. மஸ்தூரா கையை நீட்டித் தீயைக் குறைத்தாள்.

"அப்ப காரு?"

"தவணை. இன்னும் மூணு வருஷம் கட்டணும்."

"அறுபதுன்னு ஏன்டி சொன்ன?"

"உங்க காதுக்கு வரும்னு தெரியும், அதான்." ஷோஹிஸ்தா கூட்டிய மாவை மறுபடி பரப்பினாள். "என் புருஷன் என் கடைக் கேக்கைத் தின்னுட்டு, 'ஒரு சிகரெட் வாங்கிட்டு வர்றேன்'னு கிளம்புவாரு. எங்க போவாரு தெரியுமா? அண்ணி கடைக்கு, நாலு சோம்சா திங்க. வாயெல்லாம் வெங்காய வாடையோட வருவாரு. பதினெட்டு வருஷம், அக்கா. ஒரு விலையாவது உங்களைவிட ஒசத்தியா இருக்கட்டுமேன்னு நினைச்சேன்."

மஸ்தூராவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினோரு மாதம் வயிறெரிந்தது நாற்பத்துமூன்றுக்கா? யாரோ தன் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. இவளால் இதை வெளியே சொல்லவும் முடிந்ததே என்று அதன்மேல் இன்னொரு எரிச்சல். அவள் இடத்தில் தானாக இருந்தால் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கண்ணைத் துடை. மை வழியுது," என்றாள். இடுப்பில் கட்டியிருந்த துணியால் தன் கையையும் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தோஹிர்ஜோன் குடுவையின் கடைசிச் சொட்டைக் கிண்ணத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மஸ்தூரா எதிரே உட்கார்ந்து உள்ளங்கைகளை விரித்தாள். அதைக் கண்டதும், எதற்கென்று கேட்காமல், வாசலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டுக் கையேந்தினார்கள். கல்லாவில் பஷோரத்தும் ஏந்தினாள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். கடை கை மாறியது.

அவர் காரில் ஏறிப் போனதும் போதியா மஸ்தூராவின் கையைப் பிடித்தாள். "எவ்வளவுக்குடி? சொல்லு, சொல்லு!"

பெண்கள் நெருங்கி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஷோஹிஸ்தா நின்றாள். அந்தக் கூட்டத்தில் உண்மையான எண் இரண்டும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மஸ்தூரா அவளைப் பார்த்தாள்.

"அறு… அறுபத்தொண்ணு," என்றாள். சொல்லும்போதே தலை கவிழ்ந்தது, காது சிவந்தது. போதியாவின் புருவம் லேசாகச் சுருங்கியது.

"அறுபத்தொண்ணா?" என்றாள் ஷோஹிஸ்தா, சரியாக ஒரு மூச்சு நேரம் விட்டு. "என்னக்கா நீங்க, கண்ணு பட்டுடும்னு குறைச்சுச் சொல்றீங்க? அறுபத்திரெண்டுன்னுதானே கை ஏந்தினாரு? இத்தனைக்கும் ஒரு சோம்சாகூட அவருக்குக் கொடுக்கல!" கையைத் தட்டிச் சிரித்தாள். பெண்களும் சிரித்தார்கள், மஸ்தூராவைக் கட்டிக்கொண்டார்கள். போதியா சத்தியமாக நம்பிவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

மஸ்தூரா பதினோரு கன்னங்களுக்கும் கன்னம் கொடுத்துக்கொண்டு நின்றாள். விலை மேலே போய்விட்டது, ஒன்று கேட்டாள், இரண்டாகவே கிடைத்துவிட்டது. ஆனால் தன் பொய்யைத் தன்னைவிட இவள் எவ்வளவு அழகாகச் சொன்னாள் என்பது மட்டும் வயிற்றுக்குள் போய், பழைய இடத்தில், சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.