மைக் டெஸ்டிங்ல நான் படிச்ச கவிதை

மைக்செட் போடுறவன் வேலைல பெரிய கஷ்டம் இன்னான்னா, புடிக்கலன்னாலும் எழுந்து போவ முடியாது. கல்யாணத்துக்கு வந்தவன் சாப்ட்டு கெளம்பிடுவான். மீட்டிங்குக்கு வந்தவன் பாதியில நழுவிடுவான். நாம மட்டும் கடைசி ஆள் பேசி முடிச்சி எறங்கற வரைக்கும் குந்திக்கினு இருக்கணும். இங்க வந்து குந்தியிருக்கற வீடியோ புடிக்கிற அண்ணன், சேர் வாடகைக்கு வுடுற அண்ணன், உங்களுக்கெல்லாம் இத நான் சொல்லணுமா?

அதுல எனக்கு மாசா மாசம் ஒரு தனி பேஜார். கிழக்குத் தாம்பரத்துல ஒரு டியூஷன் சென்டர், அதோட மாடி ஹால். கடைசி ஞாயித்துக்கெழம சாயங்காலம் காலேஜ் புள்ளைங்க அவங்கவங்க எழுதுன கவிதை, வரைஞ்ச படமெல்லாம் கொண்டாந்து காட்டுவாங்க. கார்த்திகான்னு ஒரு காலேஜ் பொண்ணு நடத்துது. நாப்பது சேரு, ரெண்டு ஸ்பீக்கரு, ஒரு மைக்கு, நானு.

எக்கோ

கவிதை எழுதறவன் நேரா என்கிட்டதான் வருவான். "அண்ணா, கொஞ்சம் எக்கோ..."ன்னு இழுப்பான். கவிதைக்கு வெயிட்டு வேணுமாம். அப்படித்தான் ஒரு தம்பி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, ஒல்லி ஒடம்பு. மைக்கை தொப்புளாண்ட புடிச்சிக்கினு நெஞ்சுக்குள்ளயே படிச்சான். நானும் வால்யூம ஏத்துறேன், ஏத்துறேன். ஃபேன் சத்தம் கேக்குது, கீழ போற ஆட்டோ சத்தம் கேக்குது, இவன் மட்டும் கேக்கல.

வேர்த்து வழிஞ்சிக்கினு எறங்கி வந்தான். "தம்பி, எக்கோ வெக்கணும்னா மொதல்ல சத்தம் வரணும்டா"ன்னேன். "சத்தமா படிச்சா எல்லாருக்கும் கேட்ருமேண்ணா!"

சுவத்தப் பாத்த படம்

பம்மல்ல இருந்து ஒரு பையன் கதவு சைசுல படம் வரைஞ்சி, ஷேர் ஆட்டோல மடில வெச்சிக்கினு வந்தான். பக்கத்துல குந்தியிருந்த யாரோ ஒரு அம்மாவை சட்டம் குத்தி, வழியெல்லாம் திட்டு வாங்கிக்கினு வந்திருக்கான். வந்து சாய்ச்சி வெச்சான் பாரு, படம் சுவத்தப் பாக்குது, முதுகு எங்களப் பாக்குது. ரெண்டு மணி நேரம் வெறும் அட்டையப் பாத்துக்கினு கெடந்தோம். "இன்னாடா, எப்பதான் திருப்புவ?"ன்னு கேட்டேன். "கூட்டம் போவட்டும்ண்ணா, காட்டுறேன்."

நான் பண்ண தப்பு

இப்ப என் லட்சணத்தையும் சொல்லிடுறேன். படிப்பு எட்டாவதோட நின்னுபோச்சு. வாத்தியாருங்க சொன்னது எதுவும் நெனப்புல இல்ல, அவங்க கொரலு மட்டும் அப்படியே கீது. யாரு பேசினாலும் அவங்க மாதிரியே பேசிக் காட்டுவேன். மைக் டெஸ்டிங்குக்குக் கூட ஒன் டூ த்ரீ சொல்ல மாட்டேன். அன்னிக்கி கவிதைப் புள்ளைங்க மாதிரி கண்ணை மூடிக்கினு, "மழையே... ஓ மழையே... நீ ஏன்... நனைகிறாய்..."ன்னு இழுத்தேன். சேர் போட்டுக்கினு இருந்த பசங்க வுழுந்து வுழுந்து சிரிச்சானுங்க.

கதவாண்ட ஒரு பொண்ணு நின்னுக்கினு இருந்துச்சு. பவித்ரா, பள்ளிக்கரணை. மொதல் தடவை படிக்க வந்துது, கைல நாலா மடிச்ச பேப்பரு. நான் கண்ணைத் தொறக்கறதுக்குள்ள படி எறங்கிப் போயிடுச்சு. கார்த்திகா வந்து, என் வயரையே புடுங்கிடும் போல நின்னுது. "மூணு மாசம் நான் கெஞ்சி இன்னைக்குத்தான் படிக்கிறேன்னு ஒத்துக்கிச்சுண்ணா. அது எழுதினதே மழையைப் பத்திதான்."

ஒன், டூ, த்ரீ

அடுத்த மாசம் நான் வாயைக் கட்டிக்கினு ஒழுங்கா "ஒன், டூ, த்ரீ"ன்னேன். பவித்ரா வந்துது. கடைசி வரிசைல குந்திச்சு, பேர் குடுக்கல. படிக்கறவங்களுக்கெல்லாம் கை தட்டுச்சு. அது தட்டத் தட்ட எனக்கு ஒடம்பு கூசுச்சு. ஸாரி சொல்லலாம்னு தண்ணி பாட்டில எடுத்துக்கினு பக்கத்துல போனேன். அது நிமிந்து பாத்துச்சு. பாட்டிலக் குடுத்துட்டு வந்துட்டேன். ஊர்ல இருக்கறவன் கொரலெல்லாம் வரும், என் கொரல்ல ஒரு ஸாரி வரல. வயரு சுத்தறப்போ கார்த்திகா சொல்லுச்சு: "நீங்க ஒன் டூ த்ரீ சொல்றது எங்க கவிதையவிட சோகமா இருக்குண்ணா."

மொதல்ல நீங்க

அதுக்கு அடுத்த மாசம். ஹால் ரொம்பிடுச்சு. பவித்ரா நேரா என்கிட்ட வந்து அந்தப் பேப்பர நீட்டுச்சு. "மொதல்ல நீங்க படிங்கண்ணா. அன்னைக்குப் பண்ணீங்களே, அதே மாதிரி. எல்லாரும் சிரிச்சு முடிச்சிடட்டும், அப்புறம் நான் படிக்கிறேன்." வேணாம்மான்னேன். "நீங்க படிக்கலன்னா நான் கெளம்புறேன்"னுச்சு. இந்த வாட்டி படி எறங்கினா அது திரும்பி வராதுன்னு எனக்கே தெரிஞ்சிது. மைக்க எடுத்தேன்.

"மழை... வந்தது..."ன்னு இழுத்தேன். ஹாலே சிரிச்சுது. "எங்கள் வீட்டில்... முழங்கால் தண்ணீர்..." இன்னும் சிரிப்பு. அடுத்த வரில மேல் வூட்டு அக்கா மொதல் தடவையா கதவத் தொறந்து, உன் பேரு இன்னான்னு கேக்கறாங்க. மூணு நாள் அவங்க வூட்டுல சாப்பாடு. சிரிப்பு கொறைஞ்சிது. தண்ணி வடியுது, கதவு மூடிக்குது. கடைசி வரில அந்த அக்கா படிக்கட்டுல இந்தப் பொண்ணப் பாத்து ஒண்ணு கேக்கறாங்க. நான் பழக்க தோஷத்துல அந்த அக்கா கொரல்லயே கேட்டுட்டேன்: "யாரும்மா நீ, புதுசா குடி வந்திருக்கியா?" ஒருத்தரும் சிரிக்கல.

பவித்ரா மைக்க வாங்கி அதே கவிதையப் படிச்சுது. இழுக்கல, எக்கோ கேக்கல. கொரலு ரெண்டு எடத்துல ஒடஞ்சிது, நிறுத்தாம படிச்சுது. கை தட்டி முடியற வரைக்கும் அங்கியே நின்னுது. அப்புறம் எறங்கி வந்து மைக்க என் கைல குடுத்துது. "மழைய நல்லா சொதப்புனீங்கண்ணா. ஆனா அந்த அக்கா குரல் மட்டும் அச்சு அசலா வந்துச்சு. நீங்களும் மாடி வீடா?"

இத்தினி வருசமா ஊர் கொரலெல்லாம் பேசிக் காட்டுனவன், அன்னிக்கி வூட்டுக்குப் போயி, நம்ம கீழ் வூட்டுல குடியிருக்கறவங்க பேரு இன்னான்னு பொண்டாட்டியக் கேட்டேன், அவளுக்கும் தெரியல.