கேட்டால் மட்டும் ஓடும் மோட்டார்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, என் சைக்கிள் ஒரு சிப்பாயை நோக்கிப் பாய்ந்தது.

நான் பாயவில்லை. சைக்கிள்தான் பாய்ந்தது. ஆனால் துப்பாக்கிக்கு இந்த வித்தியாசமெல்லாம் விளங்குமா?

ஒழுங்காகச் சொல்கிறேன். என் வீடு கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில். வேலை, கண்டி நகரில் ஒரு பெண்கள் பாடசாலையில். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். தமிழில் அதைப் படிப்பிக்க இன்னொரு ஆள் வருவார், வருவார் என்கிறார்கள்... இன்னும் வந்தபாடில்லை. நான் ஒரு நாள் போகாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அன்று பாடம் இல்லை. பரீட்சையோ கிட்ட வந்துவிட்டது.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். போய்க்கொண்டுதான் இருந்தேன். யுத்த காலம் அல்லவா, சோதனைச் சாவடி வந்தால் எல்லாரும் இறங்க வேண்டும், பையைத் திறந்து காட்டிவிட்டு நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும். என் வலது முழங்காலுக்கு ஆகாதவை இரண்டே வேலைகள்தான் – ஏறுவது, இறங்குவது. சைக்கிள் மிதித்தால் நோவதில்லை. மிதியுங்கள் என்று டொக்டரும் சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் சேலை கட்டிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போன டீச்சர்மாரில் நானும் ஒருத்தி. அங்கே ஏற்றம் என்றால் ஏதாவது ஒரு மதகைக் கடப்பதுதான். இங்கே கேற்றைத் திறந்து வெளியே வந்தாலே ஏற்றம்தான். அதனால்தான் இந்த மின்சாரச் சைக்கிளை வாங்கினோம். சீனத்துச் சாமான். கரியரில் பற்றரி, பின் சில்லில் மோட்டார்.

அதற்கு ஒரு குணம் உண்டு. பெடல் கொஞ்சம் சுற்றினால் போதும், மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். வேண்டுமா, வேண்டாமா என்று கேட்காது. ஆற்றோரத்துச் சமதரையில் என் கால்களே போதும் என்கிற இடத்திலும் தள்ளும். பெடலை நிறுத்தினாலும் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டுத்தான் ஓயும்.

என் வீட்டுக்காரரும் இதே வார்ப்புத்தான். நான் கறி வைக்கும்போது கேட்காமலே வந்து உப்புப் போடுவார். நானும் ஏற்கெனவே போட்டிருப்பேன்.

உப்புக் கூடினால் கொஞ்சம் தண்ணீர் விடலாம். சோதனைச் சாவடியில் என்ன செய்வது?

அந்தத் திங்கட்கிழமை சிப்பாய் என் அடையாள அட்டையை வாங்கினார். பெயரைப் பார்த்தார். பிறந்த இடத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு திருப்பித் தந்துவிட்டு, நாலடி முன்னால் போய் நின்று, வரலாம் என்று கையைக் காட்டினார். நான் ஏறி மிதித்தேன். அதற்குள் என் பையைப் பார்க்காதது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "நவத்தன்ன" என்றார். நிறுத்தச் சொல்கிறார்.

பெடலை நிறுத்தினேன். பிரேக்கையும் பிடித்தேன். மோட்டார் நிற்கவில்லை. முன் சில்லு அவருடைய சப்பாத்தில் போய் முட்டியது. நிமிர்ந்து பார்த்தால், துப்பாக்கியின் வாய் என் நெஞ்சுக்கு நேரே.

அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, பயம். எனக்கும் அதே பயம்தான். இரண்டு பேர் இவ்வளவு பக்கத்தில் நின்று இவ்வளவு பயப்பட்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மோட்டார் ஓய்ந்தது. பையைத் திறந்து காட்டினேன். உள்ளே இரண்டு பாடப் புத்தகங்களும் ஒரு இடியப்பப் பார்சலும் இருந்தன.

வீட்டில் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"சைக்கிளை வித்துப்போடும். இல்லாட்டி வேலையை விடும்" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டும் ஏலாது."

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"மோட்டாருக்குப் பழக்கவழக்கம் படிப்பிக்கப் போறன்."

விஷயம் இவ்வளவுதான். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சென்சர் இருக்கிறது. பெடல் சுற்றுகிறது என்ற செய்தியை அது ஒரு வயர் வழியாக, மோட்டாரை இயக்குகிற கொன்ட்ரோலருக்கு அனுப்பும். அந்த ஒரு வயரை வெட்டி, நடுவே அழைப்பு மணிக்கு வைக்கிற மாதிரி ஒரு அழுத்து சுவிச்சைப் பூட்டிவிட்டால்? விரல் அழுத்துகிற வரைக்கும் செய்தி போகும். விரலை எடுத்தால் மோட்டாருக்குக் காது கேட்காது. ஏற்றத்தில் கூப்பிடலாம். சமதரையில் சும்மா இருக்கட்டும்.

பௌதிகவியல் டீச்சருக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று நினைக்காதீர்கள். இத்தனை வருஷமாக நான் கரும்பலகையில் கீறிய வயர்கள் எல்லாம் ஒரே வெள்ளை. சைக்கிளில் இருப்பவை கலர் கலராக, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. நான் முதலில் வெட்டியது பின் விளக்கின் வயர்.

இரண்டாவது முறை சரியாக வந்தது. சுவிச்சைக் கைப்பிடியில் கட்டினேன். முற்றத்தில் ஓடிப் பார்த்தேன். அழுத்தினால் ஓடுகிறது, அழுத்தாவிட்டால் சும்மா இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது... சமைக்கவும் மறந்துவிட்டேன்.

அப்போதுதான் உதவி வந்தது. கேட்காமல்.

"இப்பிடி வயர் வெளியில தெரியக்கூடாது" என்றார் வீட்டுக்காரர். "சைக்கிளில வயர், சுவிச்சு, பற்றரி. ஏறி வாறது யாழ்ப்பாணத்து ஆள். அவங்கள் என்னெண்டு நினைப்பாங்கள்?"

அதில் நியாயம் இருந்தது, அதுதான் சிக்கல். அவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். வெட்டி இணைத்த வயர்களை எல்லாம் அதற்குள் அடக்கினோம். மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினோம். கரியருக்குக் கீழே கம்பியால் இறுக்கிக் கட்டினோம். சுவிச்சையும் சீற்றுக்கு அடியில் ஒளித்தாயிற்று. வெளியே எதுவும் தெரியவில்லை. எவ்வளவு கெட்டித்தனம்.

அடுத்த நாள் காலை, அதே சிப்பாய். குனிந்தார். டின்னை விரலால் தட்டிப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார்.

நான் என் சிங்களத்தில் சொன்ன பதில்: "ஒன்றுமில்லை."

டேப் சுற்றிய டின், அதற்குள் போகும் வயர்கள், 'ஒன்றுமில்லை' என்று சொல்லும் ஒரு பெண். எனக்குப் பின்னால் நின்றவர்கள் மெல்லப் பின்வாங்கினார்கள். சிப்பாயும் பின்வாங்கினார். வீதி நடுவில் நானும் டின்னும் மட்டும் நின்றோம். நீயே திற என்றார் தூரத்தில் இருந்து.

டேப் வரவில்லை. நகத்தால் பிய்த்தேன். அழுகை வந்தது, அழுதேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கடைசியில் மூடி திறந்தது. அவர் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார். நான் பின் சில்லு நிலத்தில் படாமல் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு கையால் பெடலைச் சுற்றினேன். சீற்றுக்கு அடியில் மற்றக் கையை விட்டு சுவிச்சை அழுத்தினேன், சில்லு விர்ரென்று சுழன்றது. விட்டேன், ஓய்ந்தது. கன்னத்தில் கண்ணீரோடு பாடம் நடத்தியது அன்றைக்குத்தான்.

"நாளைக்கு இப்படி வரவேண்டாம், மிஸ்" என்றார், சிங்களத்தில். குரலை உயர்த்தவில்லை. ஆனால் வரவேண்டாம் என்றால் வரவேண்டாம்தான்.

அன்றைய பாடத்தில் என் மனம் நிற்கவில்லை. இப்படி வரக்கூடாது. பஸ்ஸில் ஏற முழங்கால் விடாது. அப்படியானால் வகுப்பு? யோசிக்க யோசிக்க ஒன்று விளங்கியது. முதல் நாள் அவரைப் பயமுறுத்தியது மோட்டார். இரண்டாம் நாள் பயமுறுத்தியது நாங்கள். மூடி ஒட்டிய அந்த டேப்தான்.

பின்னேரம் கட்டுகஸ்தோட்டையில் பவுசுல் நானாவின் பிளாஸ்டிக் கடைக்குப் போனேன். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும் என்றேன்.

"என்ன போடப் போறீங்க டீச்சர், சோறா?" என்றார்.

"வயர், நானா."

அவர் ஆச்சரியப்படவில்லை. கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் தந்தார். "இது நல்லா ஈக்கும். மழ பேஞ்சாலும் உள்ளுக்குத் தண்ணி போகாது. ஆனா பாக்கிற ஆக்களுக்குத்தான் பசிக்கும்."

அந்தப் பெட்டியைக் கரியருக்குக் கீழே ஒளிக்காமல், கைப்பிடிக்கு முன்னால், ஊரே பார்க்கிற இடத்தில் பூட்டினேன். சுவிச்சையும் கைப்பிடிக்கே கொண்டுவந்தேன். இந்த முறை வீட்டுக்காரர் டின் கொண்டுவரவில்லை. உப்புப் போடவும் வரவில்லை.

மறுநாள் சாவடியில் சிப்பாய் பெட்டியைப் பார்த்தார். ஒவ்வொரு வயராகப் பார்த்தார். போகச் சொன்னார். அதற்கடுத்த நாள் லேசாகப் பார்த்தார். ஒரு நாள் புதிதாக வந்த இன்னொரு சிப்பாயைக் கூட்டிவந்து, சுவிச்சைத் தானே அழுத்திக் காட்டி, நான் சொன்ன விளக்கத்தை அப்படியே ஒப்பித்தார். ஒரு பிழைகூட இல்லை. என் வகுப்பிலும் இப்படி இரண்டு பேர் இருந்தால் எவ்வளவு நல்லது.

இந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

முந்தின இரவு கரண்ட் போய்விட்டது, பற்றரி சரியாகச் சார்ஜ் ஏறவில்லை. சாவடியைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சுவிச்சை அழுத்தினேன். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன். மோட்டார் படுத்துவிட்டது. இறங்கினேன். பற்றரி செத்த மின்சாரச் சைக்கிளைப் போலப் பாரமான சாமான் உலகத்தில் இல்லை. மழைத் தூறல், சேலை, முழங்கால், மேலே வகுப்பில் காத்திருக்கும் பிள்ளைகள்... இரண்டடி தள்ளினேன், நின்றேன்.

பின்னால் சப்பாத்துச் சத்தம். அதே சிப்பாய்தான்.

"தல்லு கரன்னத, மிஸ்?" என்றார். தள்ளட்டுமா என்று கேட்கிறார்.

கேட்டுவிட்டு, கரியரில் கை வைக்காமல் நின்றார். என் பதிலுக்காகத்தான் நின்றார். எத்தனை வருஷமாக இந்தச் சாவடிகளைக் கடந்துபோகிறேன். இறங்கு, திற, காட்டு, நில், போ. எல்லாம் கட்டளை. சீருடை போட்ட ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்து நின்றது அன்றைக்குத்தான்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.

இரண்டு கைகளும் வேண்டுமே. தோளில் முன்னால் தொங்கிய துப்பாக்கியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டார். பிறகு சைக்கிளைத் தள்ளினார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். வளைவு வரைக்கும் வந்துவிட்டு, திரும்பி நடந்தார். முதல் மணி அடிக்கும்போது நான் வகுப்பில் இருந்தேன்.

இந்த யுத்தம் எப்போது முடியும், எப்படி முடியும் – எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு துப்பாக்கி நெஞ்சுக்கு முன்னாலிருந்து முதுகுக்குப் பின்னால் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதுவே எனக்குக் கொஞ்ச நாளைக்குப் போதும்.

இதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே வீட்டுக்காரரும் தள்ள வந்துவிடுவார் – கேட்காமல்.